47 ஈயத்துக்கு நடுவே 2 போரான்

போரானைத் தொடாத தமிழ் வீடு குறைவு. கேரம் பலகையில் காய் வழுக்கிப் போகத் தூவும் வெள்ளைப் பவுடர் போரிக் அமிலம். நகைப் பட்டறையில் பற்றவைக்கும் இடத்தில் ஆசாரி தடவுகிற வெண்காரம், போரானின் இன்னொரு சேர்மம். இரண்டுக்கும் உயிர்நாடி போரான் என்ற இலேசான தனிமம்தான். ஈயமும் நமக்குப் புதிதல்ல. ஸ்கூட்டர் பேட்டரியைத் தூக்கினால் கையை இழுக்கிறதே, அந்தக் கனம் ஈயத்துடையது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பை இதில் சேர்க்காதீர்கள். அது வெள்ளீயம், வேறு உலோகம். இந்தக் கட்டுரையில் ஈயம் என்று வரும் இடமெல்லாம் நச்சுத்தன்மை கொண்ட காரீயம்தான்.

இவ்வளவு பழகிய இந்த இரண்டும் பாறைக்குள் ஒன்றாகச் சேர்ந்து படிகமாவது மிக அபூர்வம். அப்படிச் சேர்ந்த ஒரு கனிமத்தைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். பெயர் மியர்ஹெடைட். டீயை ஊற்றி வைத்துக்கொண்டு உட்காருங்கள். நடுவில் ஒரு சின்னக் கணக்கும் போடப் போகிறோம். கூட்டலும் பெருக்கலும் போதும்.

முதலில், இவை ஏன் சந்திப்பதில்லை? ஈயத்துக்குக் கந்தகத்தின் மேல் பற்று அதிகம். பூமிக்கடியில் சூடான நீர் ஈயத்தைக் கரைத்துக்கொண்டு வந்தால், வழியில் கந்தகம் கிடைத்த இடத்தில் கலீனா என்ற கறுத்த, பளபளக்கும் தாதுவாகப் படிந்துவிடும். உலகின் ஈயச் சுரங்கங்களில் பெரும்பாலும் வெட்டி எடுப்பது அதைத்தான். போரானின் சுபாவம் இதற்கு நேர் எதிர். அது எளிதில் நீரில் கரையும், ஓரிடத்தில் தங்காது. மழைநீரோடும் ஆற்றோடும் போய்க் கடலில் சேரும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் நாலரை மில்லிகிராம் போரான் இருக்கிறது. இல்லையென்றால் வெயில் காயும் பள்ளத்தாக்குகளில் ஏரி வற்றும்போது உப்போடு உப்பாகப் படியும். துருக்கியிலும் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கிலும் போரான் உப்புகள் அப்படிப் படிந்தவையே. நம் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகளே வெண்காரத்தை மேலே கொண்டுவருகின்றன. ஒன்று பாறையில் ஒட்டிக்கொள்வது, மற்றது ஓடிப்போவது. இரண்டையும் ஒரே சந்துக்குள் பிடித்து வைக்க இயற்கைக்கு நிறையச் சூழ்நிலைகள் கூடிவர வேண்டும்.

அவை கூடிவந்த இடம் இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டம். அங்கே மெண்டிப் என்ற சுண்ணாம்புக்கல் குன்றுத்தொடர் இருக்கிறது. கி.பி. 43 இல் பிரிட்டனுக்குள் நுழைந்த ரோமானியர்கள் சில ஆண்டுகளிலேயே இந்தக் குன்றுகளில் ஈயம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், கி.பி. 49 என்று கணிக்கும்படி பேரரசரின் முத்திரை பொறித்த ஈயக்கட்டி இங்கே கிடைத்திருக்கிறது. குன்றின் கிழக்குக் கோடியில், கிரான்மோர் ஊருக்கருகே உள்ளது மியர்ஹெட் குவாரி. வேலை என்னவோ நம் ஊர் குவாரியில் நடப்பதுதான்: வெடி வைத்துச் சுண்ணாம்புக்கல்லைப் பெயர்ப்பது, உடைப்பது, ஜல்லியாக ரயிலில் ஏற்றி லண்டன் பக்கம் அனுப்புவது. கனிமம் தேடுவது அவர்கள் தொழில் அல்ல. ஆனால் வெட்டிய முகப்பில் அவ்வப்போது சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களில் கன்னங்கரேல் என்று மாங்கனீஸ் ஆக்சைடுக் கட்டிகள் தலைகாட்டும். அந்தக் கட்டிகளின் உள்ளேதான் ஈயக் கனிமங்கள் ஒளிந்திருக்கின்றன.

இந்தக் கட்டிகள் எப்படி உண்டாயின என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். சுண்ணாம்புக்கல் படிந்தது கார்போனிஃபெரஸ் காலத்தில், 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. பிறகு நிலம் மடிந்து, உயர்ந்து, விரிசல் விட்டது. விரிசல்களில் சூடான உப்புநீர் ஏறி ஈயத்தைக் கலீனாவாக விட்டுச் சென்றது. மேற்பரப்பு தேய்ந்தது. ஜுராசிக் காலத்தில் கடல் திரும்பி வந்து தேய்ந்த பாறையை மூடியது. இது வெறும் ஊகம் இல்லை, கண்ணால் பார்க்கக்கூடியது. பக்கத்து ஊரான ஃப்ரோமை ஒட்டிய வாலிஸ் வேல் பள்ளத்தாக்கில், சாய்ந்து கிடக்கும் பழைய சுண்ணாம்புக்கல்லை மட்டமாகச் சீவி, அதன்மேல் ஜுராசிக் பாறை படுக்கை வசமாகப் படிந்திருப்பதை இன்றும் காணலாம். ஹென்ரி டி லா பெஷ் என்ற புவியியலாளர் அதை 1846 இல் விவரித்தார். இரண்டு பாறைக்கும் இடையே கை வைத்தால், விரலின் கீழே 10 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி இருக்கிறது.

இந்தக் கடல்நீர்தான் நம் கதையில் முக்கியமான சரக்கைக் கொண்டுவந்தது. அதில் குளோரைடு ஏராளம், போரான் கொஞ்சம். விரிசல்களில் படிந்த மாங்கனீஸ் ஆக்சைடுக்கு ஈயத்தைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. ஈயமும் மாங்கனீசும் சேர்ந்த கொரோனடைட் என்ற கரிய கனிமம் இந்தக் கட்டிகளிலேயே இருக்கிறது. கலீனா சிதைந்து வெளிவந்த ஈயத்துக்கு இப்போது கந்தகம் எட்டாத துணை. கைக்கெட்டும் தூரத்தில் ஆக்சிஜன், ஹைட்ராக்சில், குளோரைடு, கார்பனேட், கூடவே சிறிது போரேட்.

இந்த நிலையில் ஈயம் யாரோடு சேரும் என்பதை நிர்ணயிப்பது சுற்றியுள்ள நீரின் தன்மை. நீர் அமிலமாக இருந்தால் ஒரு கனிமம். காரமாக இருந்து கார்பன் டை ஆக்சைடு நிறைய இருந்தால் செருசைட், ஹைட்ரோசெருசைட் என்ற வெள்ளைக் கார்பனேட்டுகள். காரமாகவும் இருக்க வேண்டும், குளோரைடும் மிகுந்திருக்க வேண்டும், கார்பன் டை ஆக்சைடு மட்டும் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஈய ஆக்சிகுளோரைடுகள் பிறக்கும். சுண்ணாம்புக்கல் சூழ்ந்த இடத்தில் இந்தக் கடைசி நிபந்தனை நிறைவேறுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். மியர்ஹெட் மாதிரிகளில் பல ஆக்சிகுளோரைடுகளின் ஓரத்தை வெள்ளைக் கார்பனேட் அரித்துத் தின்றிருப்பதைக் காணலாம். சூழ்நிலை கொஞ்சம் மாறியதும் அவை நிலைக்க முடியவில்லை.

அப்படியும் மிஞ்சியவை ஒரு குடும்பமே இருக்கின்றன. மூத்தது மெண்டிபைட், 1839 இலேயே இந்தக் குன்றுகளின் பெயரைப் பெற்றது. வெள்ளையாக, லேசான இளஞ்சிவப்புச் சாயலோடு இருக்கும். பார்க்கின்சனைட், சைமசைட், ரம்சியைட் ஆகியவை பிற்காலத்தில் இதே குவாரியிலிருந்து உலகத்துக்கு அறிமுகமானவை. இந்த வரிசையில் 1998 இல் பெயர் பெற்றது மியர்ஹெடைட்.

கைக்கண்ணாடியில் இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? வெளிர் மஞ்சளிலிருந்து செம்மை கலந்த ஆரஞ்சு வரை நிறம். கண்ணாடிக்கும் பிசினுக்கும் இடைப்பட்ட பளபளப்பு. பெரிய முகங்களுடைய அழகான படிகம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். வெள்ளைக் கார்பனேட்டுக்குள்ளும் கால்சைட்டுக்குள்ளும் பதிந்த சிறு சிறு திட்டுகள்தான். ஒரு தளம் வழியாகச் சுலபமாகப் பிளக்கும். கடினம் மோஸ் அளவுகோலில் மூன்றரை. நகம் கீறாது, கத்தி கீறும். அடர்த்தி ஏழைத் தாண்டுகிறது. அதைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல்லின் அடர்த்தி 2.7 மட்டுமே. எனவே இரண்டையும் ஒரே அளவில் எடுத்தால், மியர்ஹெடைட் இரண்டரை மடங்குக்கும் மேல் கனக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 1998 இல் மார்க் வெல்ச், ஆலன் கிரிடில், ராபர்ட் சைம்ஸ் மூவரும் இதை விவரித்தபோது தந்த வாய்பாடு எளிமையானது: 2 ஈயம், 1 ஆக்சிஜன், 1 ஹைட்ராக்சில், 1 குளோரின். அதில் போரான் இல்லை. ஈயத்துக்கு நேர்மின்சுமை இரண்டு, ஆக்சிஜனுக்கு எதிர்மின்சுமை இரண்டு, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று. ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் நான்கு. பற்றும் வரவும் சரி.

2009 இல் செர்கே கிரிவோவிச்செவ், ரிக் டர்னர், மைக் ரம்சி, ஒலெக் சீட்ரா உள்ளிட்ட குழு இதன் படிக அமைப்பை முழுமையாகத் தீர்த்தது. அவர்கள் தந்த வாய்பாட்டைக் கேட்டால் முதலில் மலைப்பாக இருக்கும்: 47 ஈயம், 24 ஆக்சிஜன், 13 ஹைட்ராக்சில், 25 குளோரின், 2 போரேட், 1 கார்பனேட். பயப்பட ஒன்றுமில்லை, அதே முறையில் கூட்டிப் பாருங்கள். 47 ஈயத்துக்கு நேர்மின்சுமை 94. எதிர்ப்பக்கத்தில் ஆக்சிஜன் 48, ஹைட்ராக்சில் 13, குளோரின் 25, ஒவ்வொன்றும் மூன்று சுமை கொண்ட இரண்டு போரேட்டுக்கு 6, கார்பனேட்டுக்கு 2. மொத்தம் 94. இதுவும் சரி.

இரண்டு வாய்பாடும் சமன்படுகின்றன என்றால் எது உண்மை என்று எப்படித் தெரியும்? எடை போட்டுப் பார்த்தால் தெரியுமா என்று நினைப்பீர்கள். போட்டுப் பார்ப்போம். பழைய வாய்பாட்டின்படி இந்தக் கனிமத்தின் எடையில் 85.8 சதவீதம் ஈயம். புதிய வாய்பாட்டின்படி 85.4 சதவீதம். அரை சதவீதம்கூட வித்தியாசமில்லை. புதிய வாய்பாட்டில் போரானின் பங்கு 0.19 சதவீதம். 100 கிராம் மியர்ஹெடைட் கிடைத்தால், கிடைக்காது, கிடைப்பதாக வைத்துக்கொண்டால், அதில் போரான் கால் கிராமுக்கும் குறைவு. வேதியியல் பகுப்பாய்வில் அவ்வளவு சிறிய அளவு தென்பட்டால், பக்கத்துக் கனிமத்தின் துகள் ஒட்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றும்.

கருவிகளாலும் அதைப் பிடிப்பது எளிதல்ல. எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, கனிமம் உமிழும் எக்ஸ் கதிரை அளந்து, என்னென்ன தனிமம் என்று சொல்வது வழக்கம். போரான் உமிழும் கதிர் மிகப் பலவீனமானது; ஈயம் நிறைந்த பொருளுக்குள்ளேயே அது பெரும்பாலும் விழுங்கப்பட்டுவிடும். ஹைட்ரஜனையோ அந்த முறையால் காணவே முடியாது. படிகத்தின் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி அணுக்களின் இடத்தைக் கண்டறியும் முறை இன்னொன்று. அதில் கதிரைச் சிதறடிப்பவை எலக்ட்ரான்கள். ஈய அணுவில் 82 எலக்ட்ரான், போரானில் 5. ஈயம் நிறைந்த படிகத்தில் போரான் தரும் சைகையைப் பிரித்தறிவதற்குப் பொறுமையும் மிகத் துல்லியமான அளவீடும் வேண்டும்.

துணைக்கு வந்தது அகச்சிவப்புக் கதிர். அதற்கு அணு கனமா இலேசா என்பது தடையில்லை. பிணைப்புகள் எந்த வேகத்தில் அதிர்கின்றன என்பதையே அது காட்டுகிறது. ஒரு போரானைச் சுற்றி மூன்று ஆக்சிஜன் நிற்கும் போரேட்டுக்கு ஓர் அதிர்வு, கார்பனைச் சுற்றி மூன்று ஆக்சிஜன் நிற்கும் கார்பனேட்டுக்கு வேறோர் அதிர்வு, ஹைட்ராக்சிலுக்கு இன்னொன்று. மூன்றும் மியர்ஹெடைட்டில் உண்டு என்று அகச்சிவப்பு நிறமாலை உறுதி செய்தது.

சரி, இருக்கிறது. இருந்து என்ன செய்கிறது? இந்தக் கனிமத்தில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். இதைப் புரிந்துகொள்ள முதலில் சித்த வைத்தியர்களுக்குப் பழக்கமான மிருதார்சிங்கியைப் பார்க்க வேண்டும். அது ஈய ஆக்சைடு. அதில் அணுக்கள் தட்டையான அடுக்குகளாக அமைகின்றன. ஒவ்வொரு ஆக்சிஜனையும் நான்கு ஈயம் சூழ்ந்து நிற்கும். அந்த நான்கையும் மூலைகளாகக் கொண்டால் ஒரு நான்முகி கிடைக்கும். நான்முகிகள் ஓரத்தோடு ஓரம் ஒட்டி ஒரு சதுர ஒழுங்கில் பரவும். ஈயம் ஏன் இப்படி நிற்கிறது? இரண்டு எலக்ட்ரானை இழந்த ஈய அயனியின் வெளிக்கூட்டில் இன்னும் இரண்டு எலக்ட்ரான் ஜோடியாக மிச்சமிருக்கிறது. யாரோடும் சேராத அந்த ஜோடி ஒரு பக்கத்தை அடைத்துக்கொள்வதால், ஆக்சிஜன்கள் எல்லாம் மறுபக்கம் வந்தாக வேண்டும். அதனால் அடுக்கின் மேல்முகமும் கீழ்முகமும் இந்த எலக்ட்ரான் ஜோடிகளால் நிறைந்துவிடுகின்றன.

மியர்ஹெடைட் இதே அடுக்கை எடுத்து, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே குளோரின் விரிப்பைச் செருகிக்கொண்டது. ஈய ஆக்சைடு ஓர் அடுக்கு, குளோரின் ஓர் அடுக்கு, மறுபடி ஈய ஆக்சைடு. அது ஒரு தளம் வழியாகச் சுலபமாகப் பிளக்கிறது என்று முன்பு சொன்னேனே, இந்த அடுக்கமைப்புதான் அதற்குக் காரணம். ஆனால் ஈய ஆக்சைடு அடுக்கு முழுசாக இல்லை. சதுரக் கல் பாவிய ஒரு தளத்தில் அங்கங்கே, ஓர் ஒழுங்கு முறையில், சில கற்களைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் முக்கோணக் கல் ஒன்றை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். போரேட் அப்படிப்பட்ட தட்டையான முக்கோணம். கார்பனேட்டும் அதே வடிவம். இந்த முக்கோணங்கள் பெயர்ந்த இடங்களில் சரியாக அமர்ந்து, தம் ஆக்சிஜன்களைச் சுற்றியுள்ள ஈயத்துக்கு நீட்டுகின்றன. 47, 24, 13, 25 என்ற விநோத எண்களுக்குக் காரணமும் இதுதான். எங்கே பெயர்ப்பது, எங்கே நிரப்புவது என்ற ஒழுங்கு ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்க அத்தனை அணுக்கள் தேவைப்படுகின்றன.

ஆக, எடையில் 0.19 சதவீதமே உள்ள போரான் இங்கே ஒட்டிக்கொண்ட தூசி அல்ல. அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தை வைத்தே மற்றவர்களின் இருக்கை நிர்ணயமாகியிருக்கிறது. ஒரு பொருளில் ஏதோ ஒன்று எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பதை மியர்ஹெடைட்டைவிடத் தெளிவாகச் சொல்லும் கனிமம் எனக்குத் தெரியவில்லை.

ஈயமும் போரானும் சேர்ந்த வேறு சில கனிமங்களும் உண்டு. நமீபியாவின் கோம்பாட் சுரங்கத்தில் கிடைத்த விளாட்கிரிவோவிச்செவைட், மியர்ஹெடைட்டின் நெருங்கிய உறவு. அங்கேயும் மாங்கனீசு கூடவே இருக்கிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் கிடைத்து 2012 இல் விவரிக்கப்பட்ட லூக்கோஸ்டாரைட்டின் கதை நேர்மாறானது. அதில் 2 ஈயத்துக்கு 5 போரான். மழையே அறியாத அந்த நிலத்தில் கரைந்த போரான் ஓடிப்போக வழியில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால், கிடைத்த போரானின் அளவுக்கேற்ப ஈயம் தன் கட்டமைப்பை எப்படி மாற்றிக்கொள்கிறது என்பது புரியும்.

இதனால் பயன் உண்டா என்றால், மியர்ஹெடைட்டை உருக்கி யாரும் எதுவும் செய்யப் போவதில்லை. அதற்கான அளவு உலகத்திலேயே இல்லை. ஆனால் ஈய ஆக்சைடையும் போரான் ஆக்சைடையும் உலையில் சேர்த்தால் குறைந்த வெப்பத்தில் உருகும் கண்ணாடி கிடைக்கிறது. மின்னணுக் கருவிகளில் பாகங்களைக் காற்றுப் புகாமல் மூட அது நெடுங்காலம் பயன்பட்டது. ஈயத்தின் நச்சுக்கு அஞ்சி இப்போது பல இடங்களில் மாற்று தேடுகிறார்கள். அந்த அச்சம் கனிமத்துக்கும் பொருந்தும். எடையில் 85 சதவீதம் ஈயம் உள்ள எந்தக் கல்லையும் கையாண்டால் கையைக் கழுவ வேண்டும், தூளாக்கிச் சுவாசிக்கக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1998 இல் விவரித்த மாதிரியை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. மியர்ஹெட் குவாரியில் ஜல்லிக்குப் போகவிருந்த கறுப்புக் கட்டிகளை யாரோ ஒதுக்கி எடுத்து, இடத்தைக் குறித்து, பாதுகாத்து வைத்ததால்தான் விடுபட்டிருந்த போரானுக்குப் பின்னால் வந்தவர்களால் கணக்குச் சொல்ல முடிந்தது. நம் ஊரிலும் குவாரிகள் நாள் முழுக்கப் பாறையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே வேலை செய்பவரோ, பக்கத்துக் கல்லூரியில் புவியியல் படிப்பவரோ நீங்கள் என்றால், வழக்கத்துக்கு மாறான நிறத்தில் ஒரு கல் கண்ணில் பட்டால் அது நொறுக்கும் எந்திரத்துக்குப் போகும் முன் ஒரு துண்டை எடுத்து வையுங்கள். எந்தக் குவாரி, எந்த முகப்பு, எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி, அருகிலுள்ள புவியியல் துறையில் கொடுங்கள். சீட்டு இல்லாத கல்லை வைத்து எந்த ஆய்வாளராலும் அதன் கதையைச் சொல்ல முடியாது.